மார்செலினும் ஏழு மணி நேரக் கப்பலும்

ஈசோ விரிகுடாவில் சுற்றுலாக் கப்பல் நிற்பது ஏழு மணி நேரம்தான். காலை எட்டு மணிக்கு முதல் படகு கரைக்கு வரும். மூன்று மணிக்குக் கடைசிப் படகு போய்விடும். அதற்குள் ஆஸ்திரேலியாக்காரர்கள் கடலில் முங்கி எழுந்து, இளநீர் குடித்து, குன்றின் மேலிருக்கும் மாதா கோயிலுக்கு மூச்சு வாங்க ஏறி இறங்கி, பிள்ளைகளுக்கு எங்கள் பெண்களிடம் காசுக்குத் தலை பின்னவைத்து, எங்களுக்குக் கையசைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். மறுநாள் காலை மணலில் கால் தடம் மட்டும் கொஞ்சம் மிச்சமிருக்கும். ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் லிஃபூ தீவில் இது எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். மார்செலினும் வெகுகாலம் கப்பலை ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

அவள் நூமேயா நகரத்தில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முப்பத்தாறு வயதிருக்கும்போது அப்பா படகிலிருந்து இறங்குகிற இடத்தில் சாய்ந்து விழுந்தார். வலது பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டது. தம்பி வாமோ போன் செய்தான். இரண்டு வாரத்துக்கென்று ஒரு பையோடு வந்தவள் பிறகு திரும்பிப் போகவில்லை. நகரத்தில் ஒரு பஸ் டிரைவர் அவளைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அவர் ஒரு வருஷம் போன் பண்ணினார். தினமும் என்றிருந்தது வாரத்துக்கு ஒரு முறையாகி, மாதத்துக்கு ஒரு முறையாகி, நின்றுபோனது. யாராவது அதைப் பற்றிக் கேட்டால், "பஸ் ஓட்டுறவர்தானே. நிறுத்தத்துல ஆள் இல்லைன்னா போய்க்கிட்டே இருப்பார்" என்று சொல்லிவிட்டுக் கிழங்கு சீவப் போய்விடுவாள்.

நல்ல உயரம், நல்ல உடம்பு. அப்பாவைக் குளிப்பாட்ட ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு போவாள். சிறு வயதில் அப்பாவோடு மீன்பிடிக்கப் போனவள் என்பதால் படகு, கயிறு, அலை எல்லாம் அவளுக்குக் கைவந்தவை. அதனால்தான் துறையில் கயிறு பிடிக்கிற ஸகாரி கையை முறித்துக்கொண்ட வருஷம், ஊர்த் தலைவர் வீட்டில் கூடிப் பேசியபோது அவள் பெயர் வந்தது. கப்பல் ஆழத்தில்தான் நிற்கும். அதன் வயிற்றிலிருந்து இறங்கி வரும் ஆரஞ்சு நிறப் படகுகள்தான் ஆட்களைக் கொண்டுவரும். படகு துறையை நெருங்கும்போது மாலுமி கயிற்றை எறிவான். கரையில் ஒருவர் அதைப் பிடித்து இரும்புக் கட்டையில் சுற்ற வேண்டும். பெண்பிள்ளை எப்படிக் கயிறு பிடிப்பாள் என்று இரண்டு பெரியவர்கள் முனகினார்கள். அவளுடைய தாய்மாமன், "உங்க ரெண்டு பேரையும் சேர்த்துத் தூக்குவா, முனகாதீங்க" என்றதும் பேச்சு முடிந்தது.

படகு மாலுமி டெல்ஃபின் எறிந்த முதல் கயிறு அவள் கைக்கு வரவில்லை. நனைந்த முனை நேராக அவள் முகத்தில் வந்து அறைந்தது. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. பின்னலுக்கு ஆள் பிடிக்க உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். படகு நிற்கும் முன்பே அவன் துறைக்குத் தாவி வந்து, வெளிறிய முகத்தோடு மேடம், மேடம் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பிலிப்பைன்ஸ்காரன். நாற்பத்தைந்து வயதிருக்கும். குட்டையான, இறுகிய உடம்பு. காதோரம் நரை.

மார்செலின் உதட்டைத் துடைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், "கயித்த நான் பிடிக்கிறதுக்கு எறியணும். என்னைப் பிடிக்கிறதுக்கு இல்ல" என்றாள்.

அன்று முழுக்க, படகு கரை தொடும் ஒவ்வொரு தடவையும் அவன் கயிற்றை எறியாமல், கையை நீட்டிக் குழந்தையைக் கொடுப்பதுபோல் அவளிடம் கொடுத்தான். தம்பி மனைவி எஸ்தெலுக்குக் கேலி செய்ய அது போதுமாக இருந்தது. ஒரு மாதம் அவள் வீட்டில் எதைக் கொடுத்தாலும், கிழங்கானாலும் கரண்டியானாலும், இரண்டு கையிலும் ஏந்தி, "மேடம்" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

அந்தக் கப்பல் மாதத்துக்கு இரண்டு முறை வரும், சில மாதம் ஒரு முறை. படகு மாலுமிகளுக்குத் துறையை விட்டு நகர அனுமதியில்லை. ஆட்களை இறக்கி ஏற்ற ஐந்து நிமிடம் ஆகும். பிறகு கப்பலுக்குப் போய்த் திரும்ப அரை மணி. ஆகவே அவர்கள் பேச்செல்லாம் ஐந்து ஐந்து நிமிடமாகத்தான் நடந்தது. ஒன்பது மணிக்கு அவன் ஒரு கேள்வி கேட்பான். படகு கிளம்பிவிடும். ஒன்பதரைக்கு அவள் பதில் சொல்வாள். நடுவில் இருந்த அரை மணி நேரத்தில் அந்தக் கேள்வியைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாள். வேறு எந்தப் பேச்சுக்கும் இத்தனை யோசித்துப் பதில் சொன்னதில்லை என்று பிற்பாடு எஸ்தெலிடம் சொல்லியிருக்கிறாள்.

இப்படி ஒரு வருஷத்தில் அவனைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது இவ்வளவு. அவன் ஊர் கிமாராஸ் என்ற சின்னத் தீவு. அங்கே மாம்பழம் பேர்போனது. மனைவி புற்றுநோயில் இறந்து ஆறு வருஷம். ஒரே மகள் கொரினா பாட்டி வீட்டில் வளர்கிறாள். நர்ஸ் படிப்புக்கு ஆசைப்படுகிறாள். அது முடியும்வரை அவன் கப்பலில் இருந்தாக வேண்டும். அவளைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது அதைவிடக் குறைவு. அவள் அப்பாவைப் பற்றித்தான் அதிகம் சொல்லுவாள்.

கப்பல் வராத நாட்களில் அவள் என்ன செய்தாள் என்பதை ஊர் அறியும். விடியற்காலை அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டுக் கிழங்குத் தோட்டத்துக்குப் போகிற வழியில், தேவையே இல்லாமல் துறைப் பக்கம் சுற்றிக்கொண்டு போவாள். வெறும் கடல். அவள் இரண்டு நிமிடம் நின்று பார்த்துவிட்டு நடப்பாள். வழி அது இல்லையே என்று ஒருத்தி கேட்டதற்கு, நடந்தால் இடுப்புக்கு நல்லது என்றாளாம்.

மூன்றாம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவனுக்கு இரண்டு மணி நேரம் கரை அனுமதி கிடைத்தது. வீட்டுக்கு வரலாமா என்று கேட்டான். வெறுங்கையோடு எங்கள் வீட்டுக்குள் யாரும் நுழைய முடியாது. துணி வைத்து, அதன் மேல் ஒரு பண நோட்டு வைத்து, இரண்டு வார்த்தை சொல்லி அனுமதி கேட்க வேண்டும். அவள் அதை அவசரமாக ஒரு ஐந்து நிமிடத்தில் சொல்லியிருந்தாள். அவன் புரிந்துகொண்ட அளவுக்குச் செய்தான். வெள்ளைச் சீருடையில், வியர்த்து வழிந்தபடி வந்து, கப்பல் சின்னம் போட்ட புதுக் குளியல் துண்டு ஒன்றை நான்காக மடித்து, அதன் மேல் ஒரு ஆஸ்திரேலிய நோட்டை வைத்து, அப்பாவின் பாயருகே முழங்காலிட்டான்.

வாமோ சிரிப்பை அடக்க வெளியே ஓடிவிட்டான். ஆனால் அப்பா சிரிக்கவில்லை. இழுத்துக்கொண்ட வாயோடு அவர் பதில் வார்த்தை சொன்னார். கால் மணி நேரம் சொன்னார். தன் பாட்டன் எந்தக் கரையிலிருந்து வந்தார், கடலில் இருந்து வருகிறவனுக்கு இந்த வீட்டில் எந்த இடம், துணியைக் கொண்டு வந்தவனை எப்படிப் பார்க்க வேண்டும் என்றெல்லாம். டெல்ஃபினுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. தலையைக் குனிந்தபடி முழுவதையும் கேட்டான். அதற்கப்புறம் வாழையிலையில் கட்டிச் சுடுகல்லில் வேகவைத்த கோழியும் கிழங்கும் சாப்பிட்டான். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு முறை மணி பார்த்தான்.

"துண்டு மாப்பிள்ளை" என்று எஸ்தெல் பெயர் வைத்தாள். அது ஊர் முழுக்கப் பரவியது. அந்தத் துண்டை அப்பா வேறு எவரையும் தொட விடவில்லை. தலையணை மேல் போட்டுக்கொள்வார்.

அவன் கேட்டது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. மகள் படிப்பில் சேர்ந்திருந்தாள். படிப்பு முடிந்ததும் கப்பலை விட்டுவிடுவதாகவும், அவள் கிமாராஸுக்கு வர வேண்டும் என்றும் சொன்னான். படகில் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். மார்செலின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்:

"அப்பா இருக்கிறவரைக்கும் நான் எங்கயும் வர முடியாது. அதை இனிமே கேட்காதீங்க. அப்பா போகணும்னு நான் நினைக்க ஆரம்பிச்சிடுவேன்."

அவன் பிறகு கேட்கவில்லை.

இரண்டாயிரத்து இருபது மார்ச்சில் கப்பல்கள் நின்றன. கடைசியாக வந்த நாளில் அது கடைசி என்று யாருக்கும் தெரியாது. அவன் போகிறபோது, அடுத்த முறை கொரினாவின் படம் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான். முதல் சில மாதம் போனில் செய்தி வந்தது. மணிலா விரிகுடாவில் கப்பலுக்குள்ளேயே அடைத்து வைத்திருக்கிறார்கள், சுற்றிலும் இப்படியே இருபது கப்பல்கள் நிற்கின்றன, சன்னலில்லாத அறையில் இருக்கிறேன் என்றெல்லாம் எழுதினான். பிறகு வீடு போய்ச் சேர்ந்ததாக ஒரு செய்தி. மார்செலின் பதில்களைச் சுருக்கமாகத்தான் எழுதுவாள். எழுத்து அவளுக்கு வராது. அந்த வருஷக் கடைசியில் அவள் போன் மீன்கூடையோடு தண்ணீரில் விழுந்தது. எண்கள் எல்லாம் அதிலேயே இருந்தன. தீவின் கடைத்தெரு இருக்கும் வே ஊருக்குப் போய்ப் புதுப் போன் வாங்கியபோது புது எண்தான் கொடுத்தார்கள். டெல்ஃபினின் எண் அவளுக்கு மனப்பாடம் இல்லை. அவனுடைய குடும்பப் பெயரை எப்படி எழுத்துக்கூட்டுவது என்றுகூட அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்த செப்டம்பரில் அப்பா இறந்தார். நோய் தீவுக்குள் வந்த மாதம். அடக்கத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் வரக்கூடாது என்றார்கள். பன்னிரண்டு வருஷமாகத் தூக்கிய உடம்பைக் கடைசித் தடவையும் அவளே தூக்கினாள். துணி கொண்டுவர யாரும் வர முடியாத சாவாகிவிட்டதே என்று தாய்மாமன் அழுதார். அவள் அந்தக் கப்பல் துண்டை அப்பாவின் தலைக்குக் கீழே வைத்து அனுப்பினாள்.

அதற்குப் பிறகுதான் அவளுக்குக் கஷ்டமான காலம். முன்பெல்லாம் ஏங்குவதற்கு நேரமில்லாமல் வேலை இருந்தது. இப்போது காலையில் எழுந்தால் கஞ்சி வைக்க ஆளில்லை. கைகள் சும்மா இருந்தன. வாமோவின் வலையை அவிழ்த்து மறுபடி பின்னினாள். எஸ்தெல் சில நாள் வீம்புக்காகவே அவளிடம் சண்டை இழுத்தாள், பேசவாவது செய்வாளே என்று. இனி யாருக்காகவும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டிய ஆள் எந்தக் கடலில் இருக்கிறான் என்று தெரியவில்லை.

கப்பல்கள் திரும்ப வரத் தொடங்கியபோது அவளுக்கு ஐம்பது வயது. முதல் கப்பலுக்கு எங்கள் பெண்கள் பூமாலையோடு நின்றார்கள். மார்செலின் கயிற்றுக்கு நின்றாள். புது மாலுமி, இருபத்தைந்து வயது இருக்கும். டெல்ஃபின் என்று ஒருவர், கிமாராஸ்காரர், காதோரம் நரைத்தவர் என்று கேட்டாள். அவன் உதட்டைப் பிதுக்கினான். அடுத்த கப்பலிலும் கேட்டாள். அதற்கடுத்ததிலும். ஐந்து நிமிடத்தில் ஒரு மாலுமியிடம் இரண்டு கேள்விதான் கேட்க முடியும். எட்டு மாதம் இப்படிப் போனது. துறையில் உட்காரும் பெண்கள் அவளைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டார்கள் என்பதே அவளுக்குப் பெரிய வலியாக இருந்தது.

ஒன்பதாம் மாதம், சமையலறை ஆள் ஒருவன் கரைக்கு வந்தவன், டெல்ஃபினைத் தெரியும் என்றான். இப்போது வேறு கப்பலில், சரக்கு அறையில் இருக்கிறார். முட்டியில் அடி, படகு வேலைக்கு விடுவதில்லை. அந்தக் கப்பல் பதினான்காம் தேதி இங்கே வரும்.

பதின்மூன்றாம் தேதியே வடமேற்கிலிருந்து கடல் எழும்ப ஆரம்பித்தது. பதினான்காம் தேதி காலை, எங்கள் பெண்கள் கிழங்கும் கோழியும் கட்டி அடுப்பில் புதைத்துவிட்டுக் கரைக்கு வந்தபோது, அலை துறையின் மேலேறி விழுந்துகொண்டிருந்தது. கப்பல் வந்து விரிகுடாவின் வாயில் நின்றது. ஒரு படகை இறக்கிப் பார்த்தார்கள். அது தக்கை மாதிரி ஆடியது. திரும்ப மேலே இழுத்துக்கொண்டார்கள். இன்று யாரும் இறங்கமாட்டார்கள், அரை மணியில் கப்பல் கிளம்பிவிடும் என்று ஊர்த் தலைவருக்குச் செய்தி வந்தது.

மார்செலின் தம்பியிடம் போய், "வாமோ, படகை எடு" என்றாள்.

"அக்கா, அலையைப் பார்த்தியா?"

"பார்த்துட்டுத்தான் சொல்றேன்."

"பக்கத்துல போனா விடமாட்டாங்க. நாம போய்ச் சேர்றதுக்குள்ள கப்பல் கிளம்பிடும். அந்த ஆளு உள்ள எங்க இருக்காரோ, கீழயோ மேலயோ. பைத்தியமா உனக்கு?"

எஸ்தெல்தான் கையிலிருந்த பூமாலைக் கூடையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். அவள் அன்று கேலி பேசவில்லை.

"உங்க அக்கா பன்னெண்டு வருஷம் உங்க அப்பாவைத் தூக்குனா. நீங்க ஒரு நாள் அவளைத் தூக்கிட்டுப் போகக்கூடாதா?"

வாமோ படகை எடுத்தான்.

கரையில் நின்ற நாங்கள் அவர்களைப் பார்ப்பதும் தொலைப்பதுமாக இருந்தோம். ஒவ்வொரு அலைக்கும் படகு மறைந்து எழுந்தது. மார்செலின் முன்பக்கம் மண்டியிட்டு இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கப்பலின் கீழே போனதும் காற்று திடீரென்று நின்றது. அந்த வெள்ளைச் சுவர் அத்தனை காற்றையும் மறைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, படகுக்காரர்கள் ஏறி இறங்கும் இரும்புக் கதவு இன்னும் மூடப்படவில்லை. அங்கே நின்ற காவலாள் கையை வீசி விலகிப் போகச் சொன்னான். மேலே பால்கனிகளில் இருந்தவர்கள், தீவுக்காரர்கள் வரவேற்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கைதட்டிப் படமெடுத்தார்கள்.

"டெல்ஃபின். சரக்கு அறை டெல்ஃபின்" என்று அவள் கத்தினாள்.

காவலாளும் பிலிப்பைன்ஸ்காரன்தான். அவன் அவளை உற்றுப் பார்த்தான். பிறகு கையில் இருந்த வாக்கிடாக்கியில் தன் மொழியில் ஏதோ சொன்னான். வாமோ இன்ஜினை முன்னும் பின்னும் கொடுத்துப் படகை அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டிருந்தான். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். கதவில் ஒரு ஆள் வந்து நின்றார். தலை முழுக்க வெளுத்திருந்தது. சாம்பல் நிற வேலையுடுப்பு. ஒரு காலை இழுத்து வைத்து நின்றார். அவளுக்கு ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை.

"அப்பா போயிட்டார்" என்றாள். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். "உன் போனுக்கு எத்தனையோ தடவை போட்டேன். பதில் இல்ல. வேண்டாம்னு சொல்ல மனசில்லாம நீ சும்மா இருக்கியோன்னு நினைச்சேன்."

"போன் தண்ணியில விழுந்துடுச்சு."

"என்ன?"

"தண்ணியில. போன். விழுந்துடுச்சு."

மேலே யாரோ சிரித்தார்கள். அலை படகைத் தூக்கி, அவரை அவள் கண்ணுக்கு நேராகக் கொண்டுவந்து, மறுபடி கீழே இறக்கியது.

"இப்ப என்னைப் பிடிச்சு வைக்க வீட்டுல ஆள் இல்ல" என்று அவள் சொன்னாள். "வர்றதுன்னா வாங்க."

"எங்க?"

அவள் திரும்பி, குன்றையும் மாதா கோயிலையும் கரையில் நின்ற எங்களையும் கை காட்டினாள். அவர் அந்தப் பக்கம் பார்த்தார். நவம்பரில் ஒப்பந்தம் முடிகிறது, கொரினாவுக்கு வேலை கிடைத்துவிட்டது, எண் சொல், எண் சொல் என்று கேட்டார். அவள் தன் எண்ணை ஆங்கிலத்தில் சொல்லப் போய் பாதியில் பிரெஞ்சுக்குத் தாவிவிட்டாள். வாமோ திருத்தினான். டெல்ஃபினுக்கு ஒரு இலக்கம் விட்டுப்போனது. மேலே நாலாவது மாடிப் பால்கனியில் இருந்த ஒரு கிழவர் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டு உரக்கச் சொன்னார். பக்கத்துப் பால்கனிக்காரி திருப்பிச் சொன்னாள். கடைசியில் பத்துப் பதினைந்து பேர் ஆறு இலக்கத்தையும் பாட்டுப் போலச் சேர்ந்து சொல்ல, டெல்ஃபின் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். ஒரு அதிகாரி வந்தார். கதவு மூடியது.

அந்த வாரம் மார்செலினுக்கு முன்பின் தெரியாத நான்கு ஆஸ்திரேலியாக்காரர்களிடமிருந்து செய்தி வந்தது, அந்த மனிதர் கூப்பிட்டாரா என்று கேட்டு. கூப்பிட்டிருந்தார், அன்றைக்கே.

விசாவுக்கு அலைந்து அவர் வந்து சேர்ந்தது பிப்ரவரியில், புதுக் கிழங்கு தோண்டுகிற நேரம். எங்கள் தீவின் வனஹாம் விமான நிலையத்தில் கட்டம் போட்ட சட்டையில் இறங்கினார். கடலும் படகும் சீருடையும் இல்லாமல் பார்த்தபோது அவர் சின்ன மனிதராக இருந்தார். மார்செலினுக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. இந்த மனிதரோடு அவள் தொடர்ந்தாற்போல் பத்து நிமிடம் பேசியதில்லை. இந்தத் தடவை அவர் நூமேயா சந்தையில் எட்டு முழத் துணி வாங்கி வந்திருந்தார். தலைவர் வீட்டில் ஒன்று, தாய்மாமனுக்கு ஒன்று, அப்பாவின் கல்லறைக்கு ஒன்று என்று வாமோ சொல்லிக்கொடுத்தபடி வைத்தார். மாமன் துணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இது துண்டு இல்லையே, எனக்குத் துண்டுதான் வேணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

விசா தந்த மூன்று மாதமும் அவர் இருந்தார். முட்டி வலியோடு கிழங்கு சுமந்தார். வீட்டிலுள்ள துணியையெல்லாம் கத்தி மடிப்பாக மடித்து அடுக்கினார். சாப்பிடும்போது மணி பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. பார்த்துவிட்டு, அவசரமில்லை என்று நினைவுக்கு வந்ததும் அசட்டுச் சிரிப்புச் சிரிப்பார். மார்செலின் காலையில் கண் விழித்து அவர் இருக்கிறாரா என்று பார்ப்பாள். இருப்பார். ஆனாலும் நெஞ்சில் அந்த இழுப்பு நிற்கவில்லை. இத்தனை வருஷம் வேலை செய்த இடமாயிற்றே, உடனே ஓய்வெடுக்குமா என்று அவளே எஸ்தெலிடம் கேட்டாள்.

ஏப்ரலில் ஒரு கப்பல் நாள். மார்செலின் வழக்கம்போல் கயிறு பிடித்தாள். டெல்ஃபின் கூடவே வந்து தென்னையடியில் உட்கார்ந்திருந்தார். படகு மாலுமி அவரைப் பார்த்து ஏதோ கேட்டான். அவர் எழுந்து போனார். இருவரும் தங்கள் ஊர் மொழியில் பேச ஆரம்பித்தார்கள். மாலுமி ஒன்று சொன்னான், டெல்ஃபின் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் குரலே வேறாக இருந்தது. கனத்து, வேகமாக, வார்த்தைக்குத் தடுமாறாமல். பத்து வருஷத்தில் அந்தச் சிரிப்பை அவள் கேட்டதில்லை. தன்னிடம் அவர் எப்போதும் கடன் வாங்கிய மொழியில், யோசித்து யோசித்துத்தான் பேசியிருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஐந்து நிமிடம் முடிந்தது. படகு போனது. அவர் துறை நுனியில் நின்று அது கப்பலோடு சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி நிற்பது எப்படியிருக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

அன்று மாலை கிழங்கு சுட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள், ஊர் ஞாபகமா என்று. இல்லை என்றார். கொரினா மாசமாக இருக்கிறாள் இல்லையா என்று கேட்டாள். ஆமாம், ஆகஸ்டில் என்றார்.

"அப்போ ஆகஸ்ட்ல நாம அங்க இருக்கணும்" என்றாள் மார்செலின்.

"நாமளா?"

"பின்ன? எத்தனை வருஷமா மாம்பழம் மாம்பழம்னு சொல்றீங்க. நான் ஒண்ணாவது திங்க வேண்டாமா?"

வே ஊரில் பாஸ்போர்ட்டுக்கு மனு எழுத எஸ்தெல் கூடப் போனாள். நூமேயாவைத் தாண்டிப் போகாதவள் மார்செலின். இரண்டு விமானம் மாறி, ஒரு படகு ஏறி கிமாராஸ் போனாள். கொரினாவுக்கு ஆண் குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தாள். அங்கே அவள்தான் ஊமை. டெல்ஃபின் சத்தமாகப் பேசிக்கொண்டும் சண்டை போட்டுக்கொண்டும் சந்தைக்குப் போவதை, பத்து வயது குறைந்தவர்போல் படியேறுவதை, ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அது மாம்பழக் காலமில்லை. டப்பாவில் அடைத்ததைத்தான் தின்றாள்.

இரண்டு மாதத்தில் அவளுக்கு ஊர் இழுத்தது. தோட்டத்தில் கிழங்கு நட வேண்டும். டெல்ஃபின், குழந்தைக்கு ஆறு மாதம் ஆகட்டும், கொரினா வேலைக்குப் போக வேண்டும், பிப்ரவரியில் வருகிறேன் என்றார். அவள் தனியாகத் திரும்பி வந்தாள்.

இப்போதும் கப்பல் நாட்களில் மார்செலின்தான் கயிறு பிடிக்கிறாள். கப்பல் இல்லாத நாட்களில் துறைப் பக்கம் சுற்றிக்கொண்டுதான் தோட்டத்துக்குப் போகிறாள். போன வாரம் எஸ்தெல் அவளோடு நடந்தபோது, "மதினி, மறுபடியும் பழைய கதைதானா?" என்று கேட்டாளாம்.

"இல்ல" என்றாளாம் மார்செலின். "அப்பல்லாம் அவரை நினைச்சா வெள்ளையா ஒரு சுவரு மட்டும்தான் தெரியும். அதுக்கு உள்ள எங்க இருக்காருன்னு தெரியாது. இப்ப மணி எட்டுன்னா, அங்க அஞ்சு. கொரினா வீட்டுல நாலாவது படி உடைஞ்சிருக்கும், அதுல உட்கார்ந்து காப்பி குடிப்பார். பிள்ளை உள்ள அழுதுக்கிட்டு இருக்கும். பக்கத்து வீட்டு நாய் அவர் காலை நக்கும். அவர் அதைத் திட்டுவார்."

"என்னன்னு திட்டுவார்?"

மார்செலின் அந்த வசவை அவர் மொழியிலேயே சொல்லிக் காட்டினாள். எஸ்தெலுக்கு ஒன்றும் புரியவில்லை. இருவரும் தோட்டத்துக்கு நடந்தார்கள். அன்று இருபது குழி தோண்டி முடித்தார்கள்.